7. வகை மாறிகள்: வரிசையை நீங்கள் சொல்லுங்கள்

நாற்பது கிணறுகளின் தண்ணீரைப் பற்றி விவசாயிகளிடம் கேட்டு, உப்புத்தன்மையை ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்று பதிந்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் திறந்து, அந்த நெடுவரிசையை வகை மாறியாக மாற்றி, ஒரு பட்டை வரைபடம் போடச் சொல்கிறீர்கள். முதல் பட்டை ‘அதிகம்’ என்று வருகிறது. அடுத்தது ‘குறைவு’. கடைசியில் ‘நடுத்தரம்’.

கணினி பிழை எதுவும் செய்யவில்லை. அ, க, ந என்று அகர வரிசையில் அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் ஹை, லோ, மீடியம் என்று பதிந்திருந்தாலும் இதே வரிசைதான் வந்திருக்கும். குறைவுக்கும் அதிகத்துக்கும் நடுவில்தான் நடுத்தரம் உட்கார வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாதவரை அது அகராதியைத்தான் பார்க்கும்.

வகைகளின் பட்டியல், அவற்றின் வரிசை, எதை அடிப்படையாக வைத்து ஒப்பிடுகிறோம் என்ற முடிவு ஆகிய மூன்றையும் ஆய்வு செய்கிறவர் தன் கையால் எழுத வேண்டும். பல ஆண்டுகள் பிறருடைய கணக்குகளைச் சரிபார்த்ததில் நான் கண்ட பிழைகளில் பெரும்பகுதி, இந்த மூன்றில் ஒன்றை மென்பொருளின் போக்கில் விட்டதால் வந்தவை. (கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்; பெரும்பாலானவை சிற்றெழுத்தில் இருக்கும், யூஸ்என்ஏ, டுக்கிஹெச்எஸ்டி போன்ற சிலவற்றில் பேரெழுத்தும் வரும்.)

எண் போல இருப்பதெல்லாம் எண் அல்ல

சென்னை தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 600001. மதுரையில் 625001. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 612501 வரும். கணக்கு சரி, ஆனால் அந்தச் சராசரிக்கு எந்தப் பொருளும் இல்லை. பின்கோடு என்பது எண் வேடத்தில் இருக்கும் பெயர். எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் அளவைகளை நான்காகப் பிரித்தார். வகை மாறிகளுக்கு அவற்றில் முதல் இரண்டு போதும். ஒன்று, வெறும் பெயர்: மாவட்டம், ரத்தப் பிரிவு, பின்கோடு. மற்றொன்று, வரிசை உள்ள பெயர்: குறைவு, நடுத்தரம், அதிகம். இரண்டாவதில் எது முன், எது பின் என்று சொல்லலாம். எவ்வளவு தூரம் முன் என்று சொல்ல முடியாது. ஒரு நெடுவரிசை இந்த இரண்டில் எது என்பதைக் கோப்பைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது என்ன

ஆரில் வகை மாறிக்கு ஃபேக்டர் என்று பெயர். வெளியே பார்த்தால் சொற்கள் தெரியும். உள்ளே இருப்பவை 1, 2, 3 என்ற முழு எண்கள். அவற்றோடு, எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்று சொல்லும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டியலுக்கு லெவல்ஸ் என்று பெயர்; தமிழில் நிலைகள் என்போம். நம் கிணற்றுக் கோப்பில் தானாக அமைந்த நிலைகளில் ‘அதிகம்’ 1, ‘குறைவு’ 2, ‘நடுத்தரம்’ 3.

இந்த அமைப்பு தெரியாமல் நான் ஒரு வாரத்தை இழந்திருக்கிறேன். ஒரு அமைப்பு அனுப்பிய மழைக் கோப்பில், மழை அளவு மில்லிமீட்டரில் 105, 12, 8 என்று இருந்தது. மழை பெய்யாத நாளில் யாரோ ‘இல்லை’ என்று எழுத்தில் பதிந்திருந்தார்கள். ஒரே ஒரு சொல் கலந்ததால் நெடுவரிசை முழுவதையும் ஆர் சொற்களாகப் படித்தது. அந்தக் காலத்து வழக்கப்படி உடனே ஃபேக்டராகவும் மாற்றியது. எண்ணாக்க வேண்டும் என்று ஆஸ்.நியூமெரிக் கட்டளையைக் கொடுத்தேன். எண்கள் வந்தன. ஆனால் வந்தவை மழை அளவுகள் அல்ல, உள்ளே இருந்த வரிசை எண்கள். சொற்களாக அடுக்கும்போது ‘105’ முதலில், ‘12’ அடுத்து, ‘8’ அதற்கும் அடுத்து. ஆகவே 105 மில்லிமீட்டர் கொட்டிய நாள் 1 ஆனது. 8 மில்லிமீட்டர் தூறிய நாள் 3 ஆனது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சராசரியும் வந்தது, வரைபடமும் வந்தது.

சரியான வழி இரண்டு படிகள் கொண்டது: முதலில் ஆஸ்.கேரக்டர் மூலம் சொல்லாக்குங்கள், பிறகு எண்ணாக்குங்கள். அப்போது 105 என்பது 105 ஆகவே வரும். ‘இல்லை’ என்பது விடுபட்ட மதிப்பாக மாறும், எச்சரிக்கையும் வரும். அந்த எச்சரிக்கையைக் கடந்து போகாதீர்கள். மழை பெய்யாத நாளுக்கு 0 போட வேண்டுமா, அளக்காத நாள் என்று விட வேண்டுமா என்ற கேள்வியை அதுதான் உங்கள் முன் வைக்கிறது.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் ஆர் மொழியை உருவாக்கியபோது, பெல் ஆய்வகத்தில் பிறந்த எஸ் மொழியின் வழியைப் பின்பற்றினார்கள். புள்ளியியலாளர் கையில் சொல் நெடுவரிசை கிடைத்தால் அது பெரும்பாலும் வகையாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில், படிக்கும்போதே ஃபேக்டராக்கும் வழக்கம் இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பு அதைக் கைவிட்டது. நல்ல முடிவு. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பழைய நிரல் கிடைத்தால், எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று கேளுங்கள்.

வரிசையை மாற்றுவதும் பெயரை மாற்றுவதும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். இந்த அத்தியாயத்தில் மிக ஆபத்தான இடம் இதுதான்.

நாற்பது கிணறுகளில் 25 குறைவு, 10 நடுத்தரம், 5 அதிகம் என்று கொள்வோம். அகர வரிசை பிடிக்காமல், புதிதாகக் கற்கிறவர் இப்படி எழுதுவார்:

லெவல்ஸ்(உப்பு) <- சி("குறைவு", "நடுத்தரம்", "அதிகம்")

பார்ப்பதற்கு வரிசையைச் சரிசெய்வது போலத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. உள்ளே இருக்கும் எண்கள் அசையாமல் அப்படியே இருக்க, அவற்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் மட்டும் மாறுகின்றன. 1 என்ற எண்ணுக்கு இதுவரை ‘அதிகம்’ என்ற சீட்டு, இனி ‘குறைவு’. 2க்கு ‘குறைவு’ போய் ‘நடுத்தரம்’. 3க்கு ‘நடுத்தரம்’ போய் ‘அதிகம்’. இப்போது எண்ணிக்கை காட்டும் டேபிள் கட்டளையைப் போட்டால் குறைவு 5, நடுத்தரம் 25, அதிகம் 10 என்று வரும். கூட்டினால் அதே 40. பட்டைகளும் நீங்கள் விரும்பிய வரிசையிலேயே நிற்கும். உப்புக் கிணறுகள் மட்டும் ஐந்திலிருந்து பத்தாகியிருக்கும்.

சரியான வழி, ஃபேக்டர் கட்டளைக்குள்ளேயே நிலைகளைக் கொடுப்பது:

உப்பு <- ஃபேக்டர்(உப்பு, லெவல்ஸ் = சி("குறைவு", "நடுத்தரம்", "அதிகம்"))

இது ஒவ்வொரு சொல்லையும் படித்து, உள்ளே இருக்கும் எண்களையும் சேர்த்து மாற்றுகிறது. இரண்டு வரிகளும் கிட்டத்தட்ட ஒன்று போலவே தெரியும். ஒன்று பெயர் மாற்றம், மற்றொன்று இடமாற்றம். ஆகவே வரிசையை மாற்றுவதற்கு முன் ஒரு டேபிள், மாற்றிய பின் ஒரு டேபிள் எடுங்கள். ‘குறைவு’க்கு நேரே முன்பு 25 இருந்தால் பின்பும் 25 இருக்க வேண்டும்.

காணாமல் போகும் பதில்கள்

சரியான வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. நீங்கள் கொடுத்த நிலைப் பட்டியலில் இல்லாத சொல் எதுவாக இருந்தாலும், ஃபேக்டர் கட்டளை அதைச் சத்தமில்லாமல் விடுபட்ட மதிப்பாக மாற்றிவிடும். ‘நடுத்தரம்’ என்பதை யாரோ ‘நடுதரம்’ என்று பதிந்திருந்தால் அந்தக் கிணறு போய்விடும். சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். அதற்கு மேல், டேபிள் கட்டளை விடுபட்டவற்றைத் தானாகக் காட்டாது. யூஸ்என்ஏ என்ற வாய்ப்பைச் சேர்த்துக் கேட்டால்தான் காட்டும். ஒன்று மறைக்கிறது, மற்றது காட்டாமல் விடுகிறது. கூட்டுத்தொகையைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு நாற்பது கிணறு முப்பத்தேழானது தெரியவே தெரியாது. ஹேட்லி விக்கம் உருவாக்கிய ஃபார்கேட்ஸ் தொகுப்பில் உள்ள எஃப்சிடி என்ற கட்டளை, பட்டியலில் இல்லாத சொல் வந்தால் பிழை சொல்லி நின்றுவிடும். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

தமிழில் பதியப்பட்ட தரவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கில நூல்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ‘கோயம்புத்தூர்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எந்தக் கண்ணாலும் வேறுபாடு காண முடியாது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். இரண்டு விசைப்பலகைகளில், இரண்டு மென்பொருள்களில் பதிந்தவற்றை ஒன்று சேர்த்தால், மாவட்டப் பட்டியலில் கோயம்புத்தூர் இரண்டு முறை வந்து நிற்கும். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இதற்கு மருந்து எளிது. ஸ்ட்ரிங்ஐ தொகுப்பில் ஸ்ட்ரி_டிரான்ஸ்_என்எஃப்சி என்ற கட்டளை இருக்கிறது. எல்லாச் சொற்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தமிழ்க் கோப்பு எதுவானாலும் ஃபேக்டராக்கும் முன் இந்த ஒரு வரியை ஓட்டுங்கள்.

விடுபட்டவை பற்றி இன்னொன்று. நமீபியா நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு என்ஏ. ஆரில் விடுபட்ட மதிப்புக்கும் என்ஏ என்றுதான் பெயர். நாடுகளின் பட்டியலைப் படிக்கும்போது நமீபியா மட்டும் வெறுமையாகிவிடும். கோப்பைப் படிக்கும் கட்டளையிலேயே எந்தச் சொல்லை விடுபட்டதாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

எதற்கு எத்தனை சதவீதம்

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இருந்த 2201 பேரின் விவரம் ஆர் மொழியோடு சேர்ந்தே வருகிறது. முதல் வகுப்பில் 325 பேர், பிழைத்தவர் 203. இரண்டாம் வகுப்பில் 285 பேர், பிழைத்தவர் 118. மூன்றாம் வகுப்பில் 706 பேர், பிழைத்தவர் 178. பணியாளர் 885 பேர், பிழைத்தவர் 212. மொத்தம் பிழைத்தவர் 711.

இந்த அட்டவணையைச் சதவீதமாக்க ப்ராப்.டேபிள் கட்டளைக்கு 1 என்று கொடுத்தால் கிடைமட்ட வரிசைப்படி வகுக்கும். 2 என்று கொடுத்தால் நெடுவரிசைப்படி வகுக்கும். வகுப்புகளைக் கிடைமட்டமாக வைத்து 1 கொடுங்கள். முதல் வகுப்பினரில் 62.5 சதவீதம் பேர் பிழைத்தார்கள், பணியாளரில் 24 சதவீதம் பேர்தான். இப்போது 2 கொடுங்கள். பிழைத்தவர்களில் பணியாளர் பங்கு 29.8 சதவீதம், முதல் வகுப்பினர் பங்கு 28.6. ஒரே அட்டவணைதான். ஒரு பக்கம் பார்த்தால் பணியாளர் கடைசி. மறுபக்கம் பார்த்தால் அவர்கள்தான் முதல். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் இரண்டாவது கணக்கில் மேலே வந்துவிட்டார்கள். யாருக்குப் பிழைக்கும் வாய்ப்பு இருந்தது என்று கேட்டால் முதல் கணக்குதான் விடை. எண் எழுதும் முன் ‘எவர்களில் இத்தனை சதவீதம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் சரியாக வந்தால் வகுத்ததும் சரி.

இதே மாறியில் இன்னொரு கேள்வி: இதை வரிசை உள்ள வகையாக அறிவிக்கலாமா? முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு வரிசை உண்டு. பணியாளர் அந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. அவர்களைக் கீழ்ப்படியில் வைத்தால் தரவு சொல்லாத ஒன்றை நாம் சொல்கிறோம். என் தீர்ப்பு, இதை வெறும் பெயராகவே விடுவது. பயணிகளை மட்டும் தனியே ஆராயும்போது வரிசை கொடுத்துக்கொள்ளலாம்.

ஒப்பிடும் அடிப்படை

தொடர்புப் போக்குச் சமன்பாட்டில் வகை மாறியைப் போடும்போது, நிலைகளில் ஒன்றை ஆர் அடிப்படையாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடும். எதை எடுக்கும்? பட்டியலில் முதலில் இருப்பதை. நீங்கள் பட்டியல் கொடுக்காவிட்டால் அகர வரிசையில் முதலில் வருவதை. ‘உரமிட்டது’, ‘உரமில்லாதது’ என்று பதிந்த வயல்களில் டகரம் லகரத்துக்கு முந்துவதால் உரமிட்ட வயல்தான் அடிப்படை ஆகும். உரம் விளைச்சலைக் கூட்டியிருந்தாலும் முடிவில் கழித்தல் குறி வரும். அவசரத்தில் படிக்கிறவர் உரம் கெடுதல் என்று எழுதிவிடுவார்.

குறி மட்டும் மாறுவதில்லை, கண்ணில் படும் முடிவும் மாறுகிறது. ஆரோடு வரும் பிளான்ட்குரோத் தரவில் 30 செடிகளின் உலர் எடை இருக்கிறது: கட்டுப்பாட்டுக் குழு, முதல் செய்முறை, இரண்டாம் செய்முறை, ஒவ்வொன்றிலும் பத்து செடிகள். சராசரிகள் 5.032, 4.661, 5.526. தொடர்புப் போக்குக்கான எல்எம் கட்டளை கொடுத்தால் கட்டுப்பாட்டுக் குழு அடிப்படையாகி, முதல் செய்முறைக்கு −0.371, இரண்டாவதற்கு +0.494 என்று வரும். அவற்றின் பி மதிப்புகள் 0.194, 0.088. இரண்டுமே வழக்கமான 0.05 எல்லைக்குள் இல்லை. ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அதே வெளியீட்டின் கடைசி வரியில் எஃப் சோதனையின் பி மதிப்பு 0.016. குழுக்களுக்கிடையில் எங்கோ வேறுபாடு இருக்கிறது என்று அது சொல்கிறது.

எங்கே? ரீலெவல் கட்டளையால் முதல் செய்முறையை அடிப்படையாக்கிப் பாருங்கள். இரண்டாம் செய்முறைக்கு +0.865 என்று வருகிறது, பி மதிப்பு 0.004. இரண்டு செய்முறைகளுக்கும் இடையில்தான் பெரிய இடைவெளி. முதல் பார்வையில் அந்த ஒப்பீடு அட்டவணையிலேயே இடம்பெறவில்லை. சமன்பாடு மாறவில்லை, கணித்த எடைகளும் மாறவில்லை; எந்த வாசலில் நின்று பார்த்தோம் என்பதுதான் மாறியது. ஆனால் பிடித்த விடை வரும்வரை அடிப்படையை மாற்றிக்கொண்டே போவதும் நேர்மை அல்ல. எல்லா இணைகளையும் ஒப்பிட வேண்டுமென்றால் டுக்கிஹெச்எஸ்டி இருக்கிறது. அது பல ஒப்பீடுகளுக்கான திருத்தத்தோடு அதே இணைக்கு 0.012 என்று தருகிறது. அறிக்கையில் அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும்.

வரிசை உள்ள ஃபேக்டரைச் சமன்பாட்டில் போட்டால் வெளியீடு வேறு மாதிரி வரும்: பெயர்களுக்குப் பின்னால் புள்ளி எல், புள்ளி க்யூ என்று. அவை நிலைகளின் பெயர்கள் அல்ல. நேர்கோட்டுப் போக்கு, வளைவுப் போக்கு ஆகியவற்றைக் குறிப்பவை. நிலைகள் சம இடைவெளியில் இருப்பதாக அங்கே ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. குறைவுக்கும் நடுத்தரத்துக்கும் இடையே இருப்பதும் நடுத்தரத்துக்கும் அதிகத்துக்கும் இடையே இருப்பதும் ஒரே தூரமா? கிணற்று விவசாயி அப்படிச் சொல்லவில்லை. அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் வரிசையை வைத்துக்கொண்டு, சமன்பாட்டுக்குப் போகும்போது சாதாரண ஃபேக்டராக மாற்றிவிடுவதே என் வழக்கம்.

வெற்று நிலைகள்

தரவின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்தாலும் நிலைப் பட்டியல் முழுதாகவே ஒட்டிக்கொண்டு வரும். டேபிளில் 0 என்று ஒரு கட்டம் நிற்கும். டிராப்லெவல்ஸ் அதை நீக்கும். நீக்கும் முன் ஒரு கணம் யோசியுங்கள். ஒரு ஊரில் ‘அதிகம்’ என்ற கிணறு ஒன்றுகூட இல்லை என்றால் அந்த 0 ஒரு செய்தி. அதை வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஊர்களின் பெயர்கள் வெறுமையாக நிற்கின்றன என்றால் நீக்கலாம்.

பைத்தானில் பாண்டாஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். அங்கே உள் எண்கள் 0இல் தொடங்கும், விடுபட்டதற்கு −1. அந்த −1ஐ உண்மையான எண்ணாக எடுத்துச் சராசரி கண்டுவிடாதீர்கள்.

பட்டியலே மாறும்போது

தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன, 2020இல் மயிலாடுதுறை. இப்போது 38. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் மாவட்டப் பெயரால் இணைத்தால் காஞ்சிபுரத்துக்குக் காஞ்சிபுரம் பொருந்திவிடும். எந்தப் பிழையும் வராது. ஆனால் பழைய காஞ்சிபுரத்துக்குள் செங்கல்பட்டும் இருந்தது. ஒப்பிட்டால் அந்த மாவட்டம் திடீரென்று சுருங்கியது போலத் தோன்றும். திருநெல்வேலி, வேலூர், விழுப்புரம், நாகப்பட்டினம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். புதிய மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு திரும்பச் சேர்த்து, 32 நிலைகளில்தான் ஒப்பிட வேண்டும்.

இதற்கு மென்பொருளில் கட்டளை கிடையாது. எந்த மாவட்டம் எதிலிருந்து பிரிந்தது என்ற இரண்டு நெடுவரிசைப் பட்டியல் ஒன்றை நீங்களே எழுதி, தரவுக் கோப்பு இருக்கும் அதே கோப்புறைக்குள் போட்டு வையுங்கள். பட்டியலின் தலைப்பில் அது எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.